கணனிப் பக்கம்: எந்த உலாவி நல்லது?



புதிதாக மொன்றியலில் குடியேறி, கணனியோ கைத்தொலைபேசியோ வாங்கியதும் பலர் எம்மிடம் கேட்பது இதுதான்: "குரோம் நல்லதா, பயர்பொக்ஸ் நல்லதா, சபாரி நல்லதா?" விடை சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

1997இல் இரண்டு உலாவிகள் கடும் போட்டியில் இருந்தன. ஒன்று நெற்ஸ்கேப், மற்றது மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோரர். அந்நாளில் எம்மவரில் பலர் பாமினி எழுத்துருவிலேயே எழுதினோம். பாமினி இல்லாத கணனியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதியை இரண்டு உலாவிகளும் தத்தம் நான்காம் பதிப்பில் கொண்டுவந்தன. ஆனால் ஒன்றுக்கான எழுத்துருக் கோப்பை மற்றது ஏற்காது. தமிழ்த் தளம் நடத்தியவர்கள் ஒரே எழுத்துருவை இரண்டு விதமாகச் செய்துவைக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, 2000இல் வந்த நெற்ஸ்கேப் ஆறாம் பதிப்பு அந்த வசதியையே கைவிட்டுவிட்டது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது எந்த ஓர் உலாவியின் வெற்றியுமல்ல. எல்லாரும் ஏற்ற பொது விதிகளே தீர்த்தன. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. 'அ' எழுத்துக்கு 2949. அது யாழ்ப்பாணத்திலும் மொன்றியலிலும் 2949தான். தமிழ்நாடு அரசு 2010இல் இம்முறையை ஏற்றது. எழுத்துருக் கோப்புக்கும் 2012இல் பொது விதி வந்தது. நெற்ஸ்கேப் 2008இல் நின்றது. எக்ஸ்புளோரர் 2022இல் ஓய்ந்தது. விதிப்படி எழுதிய தமிழ்ப் பக்கங்களோ இன்றும் பிழையின்றித் தெரிகின்றன.

இனி இன்றைய நிலை. பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே ஓடும் இயந்திரங்கள் முக்கியமாக மூன்றுதான். குரோம், எட்ஜ், ஒபேரா ஆகியவற்றுக்குள் இருப்பது பிளிங்க். பயர்பொக்ஸுக்குள் கெக்கோ. சபாரிக்குள் வெப்கிற். பக்கத்தைக் காட்டுவதில் இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வசதிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

எமக்கு முதலில் வேண்டியது மொழிபெயர்ப்பு. கியூபெக்கின் 2022ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின் படி, வந்து ஆறு மாதம் கழிந்த குடிவரவாளருடன் மாகாண அரசு பொதுவாகப் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும். உடல்நலம், பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த விதி 2023 யூன் முதல் நடைமுறையில் உள்ளது. குரோம் பிரெஞ்சுப் பக்கத்தைத் தமிழிலேயே தரும். ஆனால் அந்தப் பக்கத்தின் வாசகம் கூகிள் நிறுவனத்தின் கணனிக்குப் போய்த்தான் மொழிமாறி வரும். பயர்பொக்ஸ் 2023 முதல் இந்த வேலையை உங்கள் கணனிக்குள்ளேயே செய்கிறது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு நன்கு உதவும்.

எனவே எமது ஆலோசனை இது. பாடசாலை விடுமுறை, குப்பை எடுக்கும் நாள், பேருந்து நேரம் போன்றவற்றைக் குரோமில் தமிழாக்கி வாசியுங்கள். உங்கள் பெயர், பிறந்த திகதி, அகதிக் கோரிக்கை விபரம் உள்ள பக்கமானால் பயர்பொக்ஸைத் திறவுங்கள். எந்த உலாவியானாலும் இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு சொல் மாறினாலே கதை மாறிவிடும். வழக்கறிஞரிடமோ தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரிடமோ காட்டுங்கள்.

இன்னொன்று. யாராவது கொடுத்த பழைய கணனியில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் குரோம் 109ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. 2023க்குப் பின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்கவில்லை. அதில் வங்கி வேலை செய்ய வேண்டாம்.

எந்த உலாவி என்பதைவிட, எந்த வேலைக்கு எது என்பதே கேள்வி. இரண்டையும் இலவசமாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.