கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

"ஜெர்மனிக்காரன் மருந்தே அடிக்காம திராட்சை விளைய வச்சு ஒயின் பண்றான், நம்மாளுங்களுக்கு ஏன் முடியல?" வாட்ஸப்புல இப்படி ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. நம்மள திட்டுறதுக்கு அடுத்த நாட்டு விவசாயியைக் கூட்டிட்டு வர்றாங்க. அவன் படுற பாடு என்னன்னு கேட்க ஆளில்லை.

மருந்தே அடிக்கலைங்கறதே தப்புங்க. ஜெர்மனியில இயற்கை முறைத் தோட்டத்திலும் மருந்து அடிக்கிறாங்க. சாம்பல் நோய்க்குக் கந்தகம், அடிச்சாம்பல் நோய்க்குச் செம்பு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயிக்குப் புதுசா? அதே சங்கதிதான். இந்த ரெண்டு நோயும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே இருந்த பழைய ரகங்களுக்கு அதைத் தாங்குற சக்தி பிறவியிலேயே இல்லை.

அதனால அவங்க செய்றது பொய்யின்னு சொல்ல வரல. ரைன்ஹெஸ்ஸன் வட்டாரத்துல வெஸ்ட்ஹோஃபன் ஊரில் விட்மன் குடும்பத் தோட்டம் இருக்கு. 1990ல் இயற்கை முறைக்கு மாறினாங்க, 2004ல் உயிராற்றல் வேளாண்மைக்கும் போயிட்டாங்க. இந்த மாதிரித் தோட்டங்கள்ல களைக்கொல்லி கிடையாது, ரசாயன உரம் கிடையாது. வரிசைக்கு நடுவுல பயறு வகை, பூச்செடி விதைச்சு மண்ணை மூடி வைப்பாங்க. மாறும்போது மூணு வருஷம் காத்திருந்தாத்தான் சான்றிதழே கிடைக்கும். சும்மா வர்ற பேர் இல்லைங்க அது.

ஆனா செம்பு ஒரு உலோகம். மக்காது. அடிச்சது மண்ணுலயே தங்கும், கூடிப்போனா மண்புழுவுக்கு ஆகாது. அதனால ஜெர்மனியில ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 3 கிலோவுக்கு மேல கூடாதுன்னு கணக்கு. நியாயமான கணக்குதான், நானும் ஒத்துக்கறேன்.

கோபம் வர்றது அடுத்த விஷயத்துலதான். பொட்டாசியம் பாஸ்போனேட்னு ஒண்ணு இருந்துச்சு. செடியைத் தெம்பாக்குற பொருள்ங்கற பேருல இயற்கை விவசாயிகளும் அதை அடிச்சு, செம்பைக் குறைச்சுக்கிட்டாங்க. 2013ல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பயிர் பாதுகாப்பு மருந்துன்னு வகைப்படுத்திருச்சு. அதோட இயற்கைத் தோட்டத்துல அதுக்கு இடமில்லாம போச்சு. அது பழத்துல எச்சமாத் தங்குது, இயற்கையில கிடைக்கிற பொருளும் இல்லைங்கறது எதிர்க்கிறவங்க வாதம். பொய் இல்லை. சரி, அதுக்குப் பதிலா என்ன குடுத்தாங்க? 2016ல் முன்கோடை முழுக்க மழை. அடிச்ச செம்பை மழை கழுவிட்டுப் போக, அடிச்சாம்பல் இயற்கைத் தோட்டங்களை வாரிச் சுருட்டிருச்சு. சட்டம் போட்டவங்க சம்பளத்துல ஒரு ரூபா குறைஞ்சிருக்குமா? நஷ்டம் மொத்தமும் கொடி வச்சவன் தலையில.

வழியே இல்லையான்னா, இருக்கு. நோய் தாங்குற ரகங்களை அந்த நாட்டுக்காரங்களே உருவாக்கி வச்சிருக்காங்க. கைல்வைலர்ஹோஃப் ஆராய்ச்சி நிலையத்துல 1967ல் 'ரீஜெண்ட்' பிறந்துச்சு. ஃப்ரைபுர்க்ல 'சோலாரிஸ்' வந்தது 1975ல். இந்த ரகங்களுக்கு மருந்தடிப்பு ரொம்பக் குறைவு. டிராக்டர் ஓட்டம் மிச்சம், டீசல் மிச்சம், மண்ணுக்கும் செம்பு மிச்சம்.

அப்புறம் ஏன் நடல? இந்த மாதிரி ரகங்கள் எல்லாம் சேர்த்தாலும் நாட்டுத் திராட்சைப் பரப்புல நூத்துக்கு அஞ்சு கூட வராது. ரீஸ்லிங் மட்டும் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. குடிக்கிறவனுக்குப் பாட்டில் மேல ரீஸ்லிங்னு பேர் வேணும், பக்கத்துல இயற்கை முத்திரையும் வேணும். கடைக்காரன் தெரிஞ்ச பேரைத்தான் அடுக்குறான். நட்ட கொடியோ இருபது முப்பது வருஷம் நிக்கணும். விக்குமான்னு தெரியாத ரகத்தை நம்பி எந்த விவசாயி பழசைப் பிடுங்குவான்?

அதனாலதான் சொல்றேன், இதுல குத்தவாளி விவசாயி இல்லை. சுத்தம் வேணும்னு கேக்குற நாக்கு, புது ருசிக்குப் பழக மாட்டேங்குது. மண்ணு மேல நிஜமான அக்கறை இருக்குற ஆளு, பேர் தெரியாத ரகத்தைக் காசு குடுத்து வாங்கட்டும். பத்து பேர் வாங்கினா அடுத்த வருஷம் ஒருத்தன் நடுவான். அதைச் செய்யாம விவசாயிக்கு மட்டும் புத்தி சொல்ற செய்தியை இனிமே எனக்கு அனுப்பாதீங்க.