கணைய வீக்கமும் காரணம் கேட்கப்படாத மருந்தும்

தேசிய நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள ஊர் உதியன்குளங்கரை. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்திலேயே தங்கிவிட்ட பகுதி. இங்கே ஒருவருக்கு மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் வலி வந்தால், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். களியக்காவிளையைக் கடந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். நோய் திடீர்க் கணைய அழற்சி என்றால், எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் ஒரே கேள்விக்கு ஒரே விடை கிடைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா, இல்லையா?

பித்தப்பைக் கல், மது, ரத்தத்தில் மிகையான கொழுப்பு ஆகியவையே இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள். உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. காய்ச்சல் அடிக்கும், வெள்ளணுக்கள் எகிறும். பார்ப்பவருக்குக் கிருமித் தொற்று போலவே தோன்றும். ஆனால் தொடக்க நாட்களில் பெரும்பாலும் அங்கே கிருமியே இருப்பதில்லை. அளவறிந்து திரவம் ஏற்றுவதும், வலியைத் தணிப்பதும், முடிந்தவரை விரைவில் வாய்வழியே உணவு கொடுப்பதுமே அப்போதைய மருத்துவம். நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இதிலேயே தேறிவிடுகின்றனர்.

'முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தால் என்ன?' என்ற வாதம் எளிதில் எடுபடும். அது சோதித்துப் பார்க்கப்பட்ட வாதம். கணையத் திசு அழுகும் அளவுக்கு நோய் முற்றிய 100 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. மெரோபெனம் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கும் கணையத் தொற்று ஏற்பட்டது. அதாவது, மருந்து தடுக்கவில்லை. 2013-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் முன்தடுப்பு ஆன்டிபயாடிக்கை ஏற்கவில்லை. வழக்கம் மட்டும் உலகெங்கும் ஒழிந்தபாடில்லை, இந்தியாவும் விதிவிலக்கல்ல. நோயாளியின் உறவினர் கண்ணுக்கு, மருந்து ஏற்றும் மருத்துவரே அக்கறையுள்ள மருத்துவராகத் தெரிகிறார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அழுகிய திசுவில் பின்னர் உண்மையாகவே தொற்று ஏறினால் கதை வேறு. பித்தநாளத்தில் தொற்று இருந்தாலும் அப்படியே. அப்போது ஆன்டிபயாடிக் உயிர்காக்கும். அழுகிய கணையத்துக்குள் நன்கு ஊடுருவும் மருந்துகளுள் முதன்மையானவை மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகையினவே. அவற்றையே முறியடிக்கும் என்டிஎம்-1 நொதி இந்தியாவில் பரவியிருப்பதை, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2010-ல் வெளிப்படுத்தியது. அந்த நொதிக்குப் புது தில்லியின் பெயர் சூட்டப்பட்டதற்காகத் தலைநகர் அன்று கொதித்தது. பெயருக்குக் காட்டிய கோபத்தில் பாதியையேனும் மருந்துச் சீட்டின் மீது காட்டியிருக்கலாம்.

கேரளம் 2018-லேயே தனக்கெனச் செயல்திட்டம் வகுத்தது. 2024-ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனை நடத்தியது. பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனால் கணைய அழற்சி நோயாளி கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவர் அல்லர்; அவருக்கு மருந்தை எழுதுவது மருத்துவமனை. கடைக்காரரைப் பிடிக்கும் வலையில் இது சிக்காது.

மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் கட்டாயம் குறிக்க வேண்டும் என்றார். சரியான கோரிக்கை, ஆனால் கடிதத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது. மருந்துக் கட்டுப்பாடு 1940-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் அடங்குவது; செயல்படுத்துவோர் பெரும்பாலும் மாநிலத்தவர். திருவனந்தபுரம் ஒரு வேகத்திலும் சென்னை வேறொரு வேகத்திலும் செல்ல, கிருமி சோதனைச் சாவடியில் நின்று அனுமதி கேட்பதில்லை.

2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட இரண்டாவது தேசியச் செயல்திட்டம் 2029 வரைக்குமானது. அதன் காலத்துக்குள்ளாவது அந்தக் கடிதத்தை விதியாக்க வேண்டும். புரோகால்சிட்டோனின் ரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கச் செய்ய வேண்டும். மான்செஸ்டரில் கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், அப்பரிசோதனையின் துணையால் ஆன்டிபயாடிக் பெற்றோர் விகிதம் 63-லிருந்து 45 சதவீதமாகக் குறைந்தது. தொற்றோ மரணமோ கூடவில்லை. இப்பரிசோதனை வட்ட மருத்துவமனை வரை வருமா, அதற்கான செலவை ஏற்பது மத்திய அரசா, மாநிலங்களா என்பதைத் தில்லிதான் சொல்ல வேண்டும்.