சரியான கூற்று எது?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. மத்திய தொழிற்சங்கங்கள் நாடெங்கும் கண்டன இயக்கத்தில் இறங்கின. அதே அறிவிக்கை தில்லியின் முகர்ஜி நகரிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் வேறொரு பயன்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. குடிமைப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞருக்கு அது, முதல்நிலைத் தேர்வில் 'நடப்பு நிகழ்வுகள்' பகுதியில் வரக்கூடிய ஒரு வினா. அவ்வினா எந்த அச்சில் வார்க்கப்படும் என்பதையும் அவர் அறிவார்.

பின்வரும் கூற்றுகளைக் கருதுக: ஒன்று, நான்கு தொகுப்புகளும் 29 சட்டங்களை உள்ளடக்கியவை, இரண்டு, ஊதியத் தொகுப்பு 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, மூன்று, கிக் தொழிலாளர் என்பதற்கான வரையறை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இவற்றுள் எத்தனை கூற்றுகள் சரியானவை?

மூன்றுமே சரி. இரண்டு மதிப்பெண்.

தொழில் உறவுகள் தொகுப்பின்படி, 300-க்குக் குறைவான தொழிலாளர்கள் பணிபுரியும் ஆலையில் ஆட்குறைப்புக்கோ மூடலுக்கோ அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்னர் இந்த வரம்பு 100. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிக்கப்பட்டுள்ளது. நான்கில் மூன்று தொகுப்புகள் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மாநிலங்களவையைக் கடந்தன. முத்தரப்புக் கலந்தாய்வுக்கென அமைந்த இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015-க்குப் பின் கூட்டப்படவே இல்லை. இவற்றுள் '300' என்ற எண் பயிற்சி வினாவில் இடம்பெறலாம். மனப்பாடம் செய்ய வேண்டிய எண்ணாக மட்டுமே இடம்பெறும். அந்த எண்ணுக்குக் கீழே நிற்கும் தொழிலாளர் வினாவுக்குள் வரமாட்டார்.

இதற்குச் சதி எதுவும் தேவையில்லை, இயங்குமுறையே போதும். முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு, அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். இத்தேர்வுக்குப் பயிற்சி வினா விற்பவர்களுக்கு எவரும் மறுக்கவியலாத விடை வேண்டும். மறுக்கவியலாத ஆதாரமாக அவர்கள் கொள்வது அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிடும் செய்திக்குறிப்பை. அதில் ஒரு திட்டத்தின் 'நோக்கம்' என்று எழுதப்பட்டிருப்பது பயிற்சி ஏட்டில் 'சரியான கூற்று' ஆகிறது. நோக்கம் நிறைவேறியதா, எவர் வீட்டு அடுப்பு எரிந்தது, எவருக்குக் கூலி நிலுவை என்பவை விவாதத்துக்குரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது உண்மை என்றும், மக்கள் அரசைப் பற்றிச் சொல்வது கருத்து என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம், பணியில் சேருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மனத்தில் படிந்துவிடுகிறது.

ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். மேற்கு வங்கத்துக்கான நிதியை, முறைகேடுகளைக் காரணம் காட்டி, 2022 மார்ச் முதல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் முதல் திட்டத்தை மீண்டும் தொடங்க ஆணையிட்டது. அதனை எதிர்த்த ஒன்றிய அரசின் மனு உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாநிலத்தின் ஏழைகள் சட்டப்படியான வேலையின்றி இருந்த இந்நிகழ்வு பயிற்சி ஏட்டில் 'பிரிவு 27 எதைக் குறிக்கிறது?' என்று சுருங்கும். பின்னர், 2025 டிசம்பரில், அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டமே கொண்டுவரப்பட்டது. காந்தியின் பெயர் நீங்கியது. இந்தியும் ஆங்கிலமும் கலந்து கட்டிய புதிய பெயரைத் தமிழ்ப்படுத்த முயன்றவர்கள் அறிவர்: பொருள் தருவதற்காகச் சூட்டப்பட்ட பெயரன்று அது, முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ராம்' என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் கோக்கப்பட்டது. அதன் விரிவாக்கம் இனி ஒரு வினா. 125 நாள் என்பது இன்னொரு வினா. உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசே ஏற்ற நிலை மாறி, பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும் என்பது '60:40' என்ற விகிதமாக மனப்பாடமாகும். கேட்டால் வேலை தரவேண்டும் என்ற உரிமை, ஒன்றிய அரசு வகுக்கும் ஒதுக்கீட்டின் எல்லைக்குள் அடைக்கப்பட்டதை எந்த விகிதத்தால் குறிப்பது?

தேர்வாணையத்தின் வினாத்தாள் பயிற்சிச் சந்தையின் ஏடுகளைவிடத் தரமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊகித்து விடையளிப்பதைத் தடுக்கவே, அண்மை ஆண்டுகளில் 'எவை சரி' என்பதற்கு மாற்றாக 'எத்தனை சரி' என்று கேட்கும் முறை பெருகியது. ஆனால் அதன் விளைவு, ஒரு கூற்றைக்கூட விடாமல் மனப்பாடம் செய்யும் நெருக்கடிதான். முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத இடமுண்டு என்பர். 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் முதல்நிலையை எழுதியவர்கள் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வை எட்டியவர்கள் 14,627 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு அரசியல் கல்வி என்பது கூற்றுகளைச் சரிபார்ப்பதுடன் முடிந்துவிடுகிறது.

விரிவாக எழுதும் தாளும் நடுநிலையானது என்று சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்டில் இதே ஆணையம் மத்திய ஆயுதக் காவல் படைகளின் உதவி கமாண்டன்ட் பணிக்கு நடத்திய தேர்வில், விவசாயிகளின் போராட்டம் அரசியல் உள்நோக்கம் கொண்டது என்ற கருத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் வாதங்கள் எழுதுமாறு கேட்கப்பட்டது. மேற்கு வங்கத் தேர்தல் வன்முறை பற்றி அறிக்கை எழுதவும் பணிக்கப்பட்டது. இரு தரப்பையும் எழுதச் சொன்னதால் அது நடுநிலை ஆகிவிடுமா? தில்லி எல்லையில் உழவர்கள் அமர்ந்திருந்தபோது, விவாதப் பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது வேளாண் சட்டங்கள் அல்ல, அவற்றை எதிர்த்தவர்களின் உள்நோக்கம். மூன்றே மாதங்களில், நவம்பர் 19 அன்று, அச்சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமரே அறிவித்தார்.

இனி, இவ்வினாக்கள் எம்மொழியில் கேட்கப்படுகின்றன என்பதும் அற்பமான செய்தியன்று. எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்தும், ஆங்கிலமும், அனைத்திந்தியப் பணித் தேர்வுகளின் மொழிகளாக அனுமதிக்கப்படும் என்று நாடாளுமன்றம் தீர்மானம் இயற்றியது 1968-இல். கோத்தாரி குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 1979 முதல் முதன்மைத் தேர்வின் விடைகளை அம்மொழிகளில் எழுத வழி திறந்தது. 2013 மார்ச்சில் அவ்வழியைக் குறுக்க முயன்ற அறிவிக்கை நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் பின்வாங்கப்பட்டது. ஆயினும் வினாக்கள் இன்றளவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகின்றன. வங்க மொழியிலோ தமிழிலோ விடை எழுதுபவர், வினாவை அயல்மொழியில் படித்து, மனத்துக்குள் மொழிபெயர்த்து, பின்னர் எழுத வேண்டும்.

இந்தி பேசும் ஏழை மாணவருக்கும் இதனால் பெரிய நன்மை விளைந்துவிடவில்லை. 2011-இல் புகுத்தப்பட்ட திறனறித் தாளை எதிர்த்து 2014-இல் முகர்ஜி நகரில் போராடியவர்கள் பெரும்பாலும் இந்தி வழியில் பயின்றவர்களே. உருக்காலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இந்தி வினாத்தாளில் 'செடி'யாக முளைத்தது என்று அவர்கள் எடுத்துக்காட்டிய காட்டு அன்று நாடெங்கும் சிரிப்பையும் சினத்தையும் கிளப்பியது. ஆங்கில மூலத்தைப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாத இந்தி எவருக்கான இந்தி? போராட்டத்தின் விளைவாக, 2015 முதல் அத்தாளில் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்றாயிற்று. இந்தித் திணிப்பை எதிர்ப்போரும் இந்தி வழி மாணவர்களும் ஒரே கோரிக்கையில் இணைய இடமிருக்கிறது என்பதை இயக்கம் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பல மொழிகளில் வினாத்தாள் தயாரிப்பது இயலாது என்ற வாதம் 2024-லேயே உடைந்துவிட்டது. அவ்வாண்டு முதல் மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு, இந்தி, ஆங்கிலம் தவிர, தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. துப்பாக்கி ஏந்தப் போகிறவருக்குத் தாய்மொழியில் வினா. அவருக்கு ஆணையிடும் கோப்பில் கையெழுத்திடப் போகிறவருக்கு இல்லை.

தில்லிக்குச் சென்று, அறை வாடகை கொடுத்து, வினாத் தொடர்களை விலைக்கு வாங்க இயன்றவர்களுக்கே இச்சந்தை கதவு திறக்கிறது. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி நிறுவனத்தின் அடித்தள நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று தேர்வர்கள் மூழ்கி மாண்டனர். கிடங்குக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நூலகம் இயங்கியது பின்னர் வெளிவந்தது. அதுவும் ஒரு நடப்பு நிகழ்வே. மறு மாதமே, 45 உயர் பணியிடங்களை இடஒதுக்கீடின்றி நேரடியாக நிரப்பத் தேர்வாணையத்தின் வாயிலாக விளம்பரம் வெளிவந்து, எதிர்ப்பு வலுத்ததால் மூன்று நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

வினாத்தாள் எல்லா மொழிகளிலும் வேண்டும் என்ற கோரிக்கையை நாடாளுமன்றத்திலும் வீதியிலும் எழுப்புவது கட்சியின் கடமை. அதனோடு, மன்றங்களும் படிப்பகங்களும் இன்றே தொடங்கக்கூடிய ஒரு பணியும் உண்டு. ஐயத்துக்கிடமற்ற விடை வேண்டும் என்ற நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஆதாரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் அறிக்கைகள், தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவையும் அரசமைப்பின் ஆவணங்களே. அவற்றிலிருந்து எடுக்கும் வினாவுக்கும் ஒரே விடைதான் இருக்கும். செய்திக்குறிப்பையும் இவ்வாவணங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, மாதம் ஒருமுறை முப்பது வினாக்கள் தமிழில் தயாரிப்பது ஒரு மாவட்டக் குழுவுக்கு எட்டாத வேலையன்று. குடிமைப் பணிக்குப் போகாத தோழருக்கும் அது பயன்படும். முதல் வினாவை இங்கேயே எழுதிவிடலாம்: இந்தியத் தொழிலாளர் மாநாடு கடைசியாகக் கூட்டப்பட்ட ஆண்டு எது?