முக்குளிக்கும் முன் படகைப் பாருங்கள்

மழைக்காலம் ஓய்ந்து மார்ச் மாதம் பிறந்தால் கிழக்குக் கரைத் தீவுகளுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று பள்ளி விடுமுறையில் நம்மவர்களும் குடும்பத்தோடு போகிறார்கள். வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட முக்குளிப்பில் இன்று இந்திய இளைஞர்களும் ஆர்வம் காட்டுகின்றனர்.

தண்ணீருக்கு அடியில் என்ன ஆகுமோ என்பதுதான் வீட்டில் உள்ளவர்களின் பயம். ஆனால், அண்மைய ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய இரு சம்பவங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. இரண்டிலும் கேள்வி எழுந்தது கடலின் ஆழத்தைப் பற்றியல்ல, படகைப் பற்றி.

மெர்சிங்கும் பெர்ஹெந்தியானும்

2022 ஏப்ரல் 6. ஜொகூர், மெர்சிங் கடலில் தோக்கோங் சங்கோல் தீவு அருகே பயிற்றுநர் ஒருவரும் மூன்று வெளிநாட்டுப் பயணிகளும் பயிற்சிக்காக முக்குளித்தனர். ஆழம் ஏறக்குறைய 15 மீட்டர்தான். மேலே வந்து பார்த்தபோது அவர்களை ஏற்றி வந்த படகைக் காணவில்லை. நீரோட்டம் நால்வரையும் இழுத்துச் சென்றது. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் ஏப்ரல் 9-ஆம் தேதிதான் மீட்கப்பட்டனர். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. கைது செய்யப்பட்ட படகோட்டிக்கு நடத்திய சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருந்தது தெரியவந்தது. சம்பவத்தைத் தொடர்ந்து அவ்வட்டாரத்தில் முக்குளிப்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

2025 ஜூன் மாத இறுதியில் பெர்ஹெந்தியான் அருகே இரவு நேரத்தில் சுற்றுப்பயணிகள் சென்ற படகு கவிழ்ந்தது. இறந்த மூவரும் நம் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. அவர்கள் முக்குளிக்கப் போனவர்கள் அல்லர். ஆனால் தீவுக்குப் போகும் எவரும், முக்குளித்தாலும் சரி, கரையில் நின்று வேடிக்கை பார்த்தாலும் சரி, ஏறுவது அதே மாதிரிப் படகில்தான்.

படகுக்கு உரிமம் வேண்டும், இத்தனை பேரைத்தான் ஏற்றலாம், அங்கி இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள்ளன. விபத்து நடந்த மறுநாள் அவை எல்லாருக்கும் நினைவுக்கு வருகின்றன. சில வாரங்களில் கெடுபிடி தளர்ந்துவிடுகிறது. படகுத்துறையில் நாள்தோறும் சோதனை நடக்காதவரை விதி காகிதத்தில்தான் இருக்கும். படகோட்டியின் உடல்நிலையும் போதைப்பொருள் சோதனையும் அந்த அன்றாடக் கண்காணிப்பில் சேர வேண்டும்.

தண்ணீருக்கு அடியில்

ஆழத்தில் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலே கிழிந்துபோகலாம். அதனால்தான் முதல் நாள் பாடமே ‘மூச்சை நிறுத்தாதே, மெதுவாக மேலே வா’ என்பது. விரைந்து ஏறினால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதற்கு அழுத்த அறைச் சிகிச்சை தேவை. பெயர் பெற்ற சிகிச்சை மையம் பேராக், லூமுட்டில் உள்ள இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. பெர்ஹெந்தியானிலிருந்து பார்த்தால் அது தீபகற்பத்தின் மறு கரை. சம்பவம் நடந்த பின் ஓடுவதைவிட முன்பே கவனமாக இருப்பது நல்லது என்பதற்கு இந்தத் தூரமே போதும்.

சான்றிதழ் இல்லாதவர்கள் அறிமுக முக்குளிப்பில் பயிற்றுநரோடு சேர்ந்து 12 மீட்டருக்கு மேல் ஆழத்துக்குப் போகக்கூடாது என்பது அனைத்துலகப் பயிற்சி அமைப்புகளின் நடைமுறை. வயது குறைந்தது 10 ஆக இருக்க வேண்டும்.

மறைக்கக்கூடாத நோய்

முக்குளிப்பதற்கு முன் உடல்நலப் படிவம் ஒன்றைத் தருவார்கள். ஆங்கிலத்தில் நீளமாக இருப்பதால் பலர் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடிட்டுவிடுகிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற தயக்கமும் ஒரு காரணம். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. கரையில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் இனிப்புத் தண்ணீர் கொடுக்கலாம். கடலடியில் அதே மயக்கம் உயிரைப் பறிக்கும். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதே முறை.

படகில் ஏறும் முன் கேட்க வேண்டியவை

நாங்கள் கடலுக்குள் இருக்கும்போது படகில் யார் இருப்பார்? இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுவது யார்? எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர்? பிள்ளைகளின் அளவுக்கு அங்கி இருக்கிறதா? கரையோடு பேச வானொலிக் கருவி உண்டா? மேலே வந்ததும் உயர்த்திக் காட்டும் மிதவையும் ஊதலும் ஒவ்வொருவரிடமும் உள்ளனவா? இருட்டிய பிறகு படகு ஓட்டுவீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில், 50 ரிங்கிட் குறைவு என்பதற்காகப் பதிவு செய்யக்கூடாது. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. நல்ல நிறுவனம் இப்படிக் கேட்பவரைத் தொல்லையாக நினைப்பதில்லை.

தீவுக் கடலின் அழகு நம் பிள்ளைகளுக்கும் சொந்தம். அதைப் பார்க்க அவர்கள் போகட்டும். அவர்கள் பத்திரமாகத் திரும்புவதற்கான பொறுப்பு அதிகாரிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் உண்டு. ஆனால் அங்கி இல்லாத படகில் ஏற மறுப்பது பயணியின் கையில்தான் இருக்கிறது.