இசட் டிரைவ் திறக்காதபோது



ஆடிட்டர் அலுவலகம், டி.டி.பி. சென்டர், பள்ளி அலுவலகம், மருந்து மொத்தக் கடை என்று பல இடங்களிலிருந்து வாசகர்களாகிய நீங்கள் எழுதுகிறீர்கள். வருத்தம் மட்டும் ஒன்றே. நேற்று சாயங்காலம் வரை இசட் டிரைவ் திறந்தது, இன்று காலை அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. டாலி டேட்டா முழுக்க அதில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது இப்படி நடந்தால் யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். அதைக் கொஞ்சமாவது குறைக்கவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். இசட் என்பது உங்கள் கணினிக்குள் இருக்கும் வட்டு அல்ல. வேறொரு கணினியில் (சர்வரில்) இருக்கும் ஃபோல்டருக்கு உங்கள் கணினி எழுதிவைத்துக்கொண்ட விலாசம், அவ்வளவுதான். விலாசம் தவறிப்போனாலும் வீடு அங்கேயே இருக்கும். எனவே எதையும் அழிக்கவோ விண்டோஸைப் புதிதாகப் போடவோ அவசரப்பட வேண்டாம்.

சிவப்புக் குறி இருந்தாலே பழுது என்றும் அர்த்தமில்லை. 15 நிமிடம் யாரும் தொடாமல் விட்டால் ஷேர் கொடுக்கும் விண்டோஸ் கணினி அந்த இணைப்பைத் தானாகத் துண்டித்துவிடும். அதன் இயல்பே அப்படி. இரண்டு முறை கிளிக் செய்தால் மறுபடி திறக்கும். காலையில் கணினியைப் போட்டதும் எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் இணைக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வருகிறதே, அதுவும் பல நேரம் இப்படித்தான். வைஃபை இணைவதற்குள் நீங்கள் உள்ளே வந்துவிடுகிறீர்கள். ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்து பாருங்கள்.

அப்படியும் திறக்காவிட்டால் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரே சோதனைதான். விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, சர்வரின் பெயருக்குப் பதில் அதன் ஐ.பி. முகவரியை எழுதுங்கள்: \\192.168.1.10 என்பதுபோல. எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. டிரைவை எண்ணைக் கொண்டே மீண்டும் மேப் செய்துகொண்டால் அன்றைய வேலை நடந்துவிடும். ஆனால் அந்த எண் மாறாமல் இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிடுவது நம் ஊர் அலுவலகங்களில் சகஜம். ரவுட்டர் அமைப்புக்குள் போய், இந்தக் கணினிக்கு இந்த எண்தான் என்று ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நெட்வொர்க் பார்க்கிறவருக்கு ஐந்து நிமிட வேலை.

எண்ணுக்கும் திறக்கவில்லையா? ரவுட்டரை அண்மையில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். புது ரவுட்டரை விண்டோஸ் புது நெட்வொர்க்காகவே பார்க்கும். பொது இடத்து நெட்வொர்க் என்று கருதி, ஃபயர்வால் வழியாக ஷேரிங்கை அடைத்துவிடும். சர்வரில் அதை 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும். ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு மறுத்தால், நீங்கள் தினமும் தட்டும் நாலு இலக்கப் பின் எண்ணைக் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த எண் உங்கள் கணினியோடு சரி, நெட்வொர்க்கில் செல்லாது. சர்வரில் உள்ள கணக்கின் பெயரும் அதன் முழுப் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தால், கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் பழையது பதிந்து கிடக்கும். அதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுங்கள்.

இவை எல்லாம் சின்ன விஷயங்கள். நான் உண்மையில் பேச விரும்புவது வேறு. எதையும் மாற்றவில்லை, விண்டோஸ் அப்டேட் மட்டும் ஆனது, அதிலிருந்து நெட்வொர்க்கில் மாட்டிய பழைய சேமிப்புப் பெட்டி (நாஸ்) திறக்கவில்லை, ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை ஃபோல்டருக்கு அனுப்பவில்லை என்கிறீர்களே, அதைப் பற்றி.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம்.மில் பிறந்தது. அதன் முதல் பதிப்பு, யாரையும் சந்தேகிக்காத காலத்தில் எழுதப்பட்டது. மைக்ரோசாஃப்டில் இந்தப் பிரிவைக் கவனித்துவந்த நெட் பைல், அந்தப் பதிப்பைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று 2016 செப்டம்பரிலேயே எழுதினார். 2017 மார்ச் 14 அன்று அதிலிருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது. போடாதவர்கள் ஏராளம். மே 12 அன்று வான்னாகிரை என்ற கணினிப் புழு பரவியது. யாரும் எந்த இணைப்பையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை; ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு அந்த ஓட்டை வழியாகத் தானே தாவி, கோப்புகளைப் பூட்டி, பிட்காயினில் 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்.எம்.பி. 1-ஐப் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. 2024இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2, புரோ பதிப்பில் இன்னும் ஒரு படி போனது. பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் 'கெஸ்ட்' ஆக நுழைவதை அது ஏற்காது. வரும் தகவல் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு ஒப்பமும் கேட்கும்.

ஆகவே உங்கள் பழைய பெட்டி கெட்டுப்போகவில்லை. உங்கள் புதிய கணினி அதை நம்ப மறுக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த நேரத்தில்தான் தெரிந்த பையன் ஒருவர் வந்து எஸ்.எம்.பி. 1-ஐ மறுபடி ஆன் செய்து, ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' முழு அனுமதி கொடுத்துவிட்டுப் போவார். டிரைவ் திறக்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் உங்கள் கட்சிக்காரர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும், உங்கள் மாணவர்களின் விவரமும் இருக்கும் இடம் அது. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை. எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை: அப்படித் திறப்பதைவிட ஒரு நாள் திறக்காமல் இருப்பது மேல்.

சரியான வழி கொஞ்சம் மெதுவானது. சேமிப்புப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள்; பல பெட்டிகளில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலே அது வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் வையுங்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கு ஸ்கேன் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு போதும்; பழைய மெஷின் புது முறையை அறியாது என்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பவைக்கலாம். பெட்டிக்கு அப்டேட்டே வராது என்றால் உள்ளே இருப்பதைப் புதிய இடத்துக்கு மாற்றும் செலவை இந்த ஆண்டு கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அலுவலகம் வளர்ந்தவர்களுக்கு. சாதாரண விண்டோஸ் 10, 11 கணினியை சர்வராக வைத்திருந்தால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. சிலருக்குத் திறந்து சிலருக்குத் திறக்காத மர்மம் பல நேரம் இதுதான். டாலி நுழைக்கும் கணினிகளை முடிந்தவரை வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். பதிவின் நடுவே இணைப்பு அறுந்தால் டேட்டாவே கெடக்கூடும்.

இனி எழுதும்போது, 'எரர் வருகிறது' என்று மட்டும் எழுதாமல் திரையில் வந்த செய்தியை எண்ணோடு முழுவதும் எழுதி அனுப்புங்கள். 80070035 என்று முடிந்தால் வழி கிடைக்கவில்லை என்று பொருள். அனுமதி மறுப்பு என்றால் சர்வர் வரை போய்விட்டீர்கள், கணக்கைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் பதிப்பு, பெட்டியின் மாடல், கடைசியாக எப்போது திறந்தது, இவற்றையும் சேர்த்து எழுதினால் விரைவாகப் பதில் சொல்ல முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்