சிவிங்கியும் மலைச்சிங்கமும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையில் பயிலும் மாணவர் ஒருவர், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து சிறுத்தைகள் இந்தியாவிற்கு வந்தன என்னும் செய்தியைப் படித்து வியந்திருக்கக்கூடும். தமிழகத்தின் மலைக்காடுகளில் வாழும் விலங்கை நமீபியாவிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும்? ஐயம் நியாயமானதே, பிழை செய்தியின் சொல்லில் இருந்தது.

குனோ தேசியப் பூங்காவில் விடப்பட்ட எட்டு விலங்குகளும் சிறுத்தைகள் அல்ல, சிவிங்கிகள். 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இனம் அது. சிறுத்தையின் உடலில் பூவிதழ்போல் வளைந்த புள்ளிக்கூட்டங்கள் இருக்கும். சிவிங்கிக்குத் தனித்தனியான கரும்புள்ளிகளும், கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடும் உண்டு. ஒன்று மறைந்திருந்து பாய்வது. மற்றொன்று வெட்டவெளியில் விரட்டிப் பிடிப்பது. இவ்வேறுபாட்டைத் தமிழ் அறியாததன்று. ஒட்டகச்சிவிங்கி என்று நாள்தோறும் சொல்லும் நாக்கு, அச்சொல்லின் பின்பாதியை மட்டும் மறந்துவிட்டது.

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூமாவின் நிலை இதனினும் விந்தையானது. கனடா முதல் சிலியின் தென்கோடி வரை பரவியுள்ள அவ்விலங்கிற்குக் கூகர், பாந்தர், மலைச்சிங்கம் எனப் பெயர்கள் பல. பூமா என்பது ஆண்டீசு மலை மக்களின் கெச்சுவா மொழிச்சொல். குடியேறிய ஐரோப்பியர் அதன் மங்கிய பழுப்பு நிறத்தைக் கண்டு சிங்கமென்றனர். உண்மையில் அது சிங்கம், புலி, சிறுத்தை ஆகியன அடங்கிய பாந்தெரா பேரினத்தைச் சேர்ந்ததன்று. அதற்குக் கர்ச்சிக்கவும் இயலாது. வீட்டுப்பூனையும் சிவிங்கியுமே அதன் நெருங்கிய உறவுகள். எனவே, மலைச்சிங்கம் என்று தமிழில் பெயர்ப்பது, குடியேறிகளின் பிழையைக் கடன்வாங்குவதாகும். பூமா என்றே எழுதுவது நன்று.

அறிவியற்பெயர் இருக்க, இவ்வாராய்ச்சி எதற்கு என்பர் சிலர். அறிவியற்பெயரும் மாறாததன்று: 1771இல் லின்னேயசு ஃபெலிசு கான்கலர் என்றிட்ட பெயரே இன்று பூமா கான்கலர் ஆகியுள்ளது. ஆயினும் அம்மாற்றம் உறவுமுறையைத் திருத்தியது. கான்கலர் என்பதற்கு ஒரே நிறமுடையது என்பது பொருள், அது மாறவில்லை. ஒரு பெயர் ஓரினத்தை மட்டுமே சுட்ட வேண்டும் என்னும் அந்த ஒழுங்கு, பொதுவழக்கிற்கும் வேண்டற்பாலது. இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக எண்ணி, எவ்வெவ்வுயிருக்கு எவ்வெப்பெயர் உரியது என வரையறுத்த தொல்காப்பிய மரபியலைப் பெற்ற மொழிக்கு இது புதிய சுமையன்று.

பெயர்க்குழப்பம் ஏட்டோடு நிற்பதுமில்லை. கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இரவில் ஓர் ஆடு இறந்துகிடப்பதாகக் கொள்வோம். ஒருவர் புலி என்பார். ஒருவர் சிறுத்தை என்பார். கைப்பேசியில் பரவும் படமோ ஆப்பிரிக்கச் சிவிங்கியுடையதாக இருக்கும். எவ்விலங்கிற்கு அஞ்சுவது, வனத்துறைக்கு எதைச் சொல்வது என்று ஊரார் தடுமாறுவர். சிறுத்தை, 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு. அதனைக் கொல்வது குற்றம். ஆட்டைக் கடித்தது தெருநாயாகவும் இருக்கலாம். சிறுத்தை நடக்கையில் நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். நாயால் அது இயலாது. பட்டியருகே ஈரமண்ணில் பதிந்த தடத்தில் நகக்குறி உண்டா என்று முதலில் குனிந்து பார்ப்பவரே, அவ்விலங்கிற்குப் பெயர்சூட்டத் தகுதியுடையவர்.