இலவசப் பட்டா நிலம்: விற்பதா, திருத்துவதா?

கேள்வி: அரசுத் திட்டத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் தரிசு கிடைத்தது. செம்மண் மேடு. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கூலிக்குப் போய்த்தான் பிழைக்கிறோம். ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், கீழச்சிவல்பட்டி

பதில்: நிலமற்ற ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு 2 ஏக்கர் வரை தரிசு நிலம் வழங்கும் திட்டம் தமிழகத்தில் 2006-ல் தொடங்கியது. இத்தகைய ஒப்படை நிலத்தில் சொந்தமாகப் பயிர் செய்ய வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு. மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எனவே கிரயமோ பவரோ எழுதுமுன் ஒப்படை ஆணையை வட்டாட்சியர் அலுவலகத்தில் காட்டி விளக்கம் கேளுங்கள். வாங்குபவர் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கூலிக் குடும்பத்துக்கு மீண்டும் 2 ஏக்கர் அமைவது அரிது.

1981-ல் தொடங்கிய 'லாப்டி' இயக்கத்தின் மூலம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைப் பகுதியில் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தபோது, பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார். கடனுக்கும் குடிக்கும் நிலம் போய்விடாமல் இருக்க அது நல்ல காவல். உங்கள் பட்டா யார் பெயரில் இருந்தாலும், வீட்டுப் பெண்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இனி நிலத்தைத் திருத்தும் வழி:

1. கருவேலத்தை வெட்டினால் போதாது, மறுபடி தழைக்கும். தூரோடு பெயர்த்தெடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும்.

2. சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்துங்கள். 50 மி.மீ. மழையில் ஒரு ஏக்கரில் விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர். வரப்பில்லாவிட்டால் அது மேல்மண்ணோடு ஓடிவிடும். தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். வரப்பு, குட்டை வேலைகளை அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஊராட்சியில் கேளுங்கள்.

3. உரிய அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டல் அடியுங்கள். கோடையில் ஆட்டுக்கிடை போடுங்கள்.

4. முதல் ஆண்டே நிலக்கடலைக்குச் செலவழிக்க வேண்டாம். புரட்டாசி மழையில் ஒரு ஏக்கரில் கொள்ளு விதையுங்கள். மற்றதில் சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அடுத்த ஆண்டு உளுந்து, குதிரைவாலி, நிலக்கடலை என்று போகலாம்.

முதல் இரண்டு ஆண்டு கூலி வேலையை விட்டுவிட வேண்டாம். 2 ஏக்கர் மானாவாரி உடனே குடும்பத்தைத் தாங்காது. உழுமுன் பல இடங்களில் அரையடி ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.